முரக்கஆவும் மூதாட்டியர் தைத்த விரிப்பும்

அரபு மொழியில் 'ருக்ஆ' என்னும் சொல்லுக்கு ஒட்டுத்துணி என்பது ஒரு பொருள்; சிறு துண்டுத்தாள் என்பது மற்றொரு பொருள். கிழிந்த ஆடையின் மீது வைத்துத் தைக்கும் துண்டும், இரண்டு வரி எழுதி ஆள்வசம் கொடுத்தனுப்பும் சீட்டும் ஒரே பெயரால் வழங்கின. உஸ்மானியர் ஆட்சியில் அன்றாட எழுத்துப் பணிகளுக்கென வளர்ந்த எழுத்துமுறைக்கும் ருக்ஆ என்றே பெயர். நம் பழைய கச்சேரித் தமிழில் சீட்டு என்னும் பொருளில் வழங்கிய 'ரோக்கா' என்பதும் உருது வழியே வந்து சேர்ந்த இச்சொல்லே. இவ்வேரிலிருந்து பிறந்தது 'முரக்கஆ'. ஸூஃபிகள் அணிந்த ஒட்டுப்போட்ட அங்கியை அது குறிக்கும். பல ஏடுகளிலிருந்து எடுத்த ஓவியங்களையும் எழுத்தணிப் பக்கங்களையும் ஓரங்கட்டி ஒன்றாய் இணைத்த தொகுப்பேட்டிற்கும் அதே பெயர் வழங்கியது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்காகத் தொகுக்கப்பட்ட குல்ஷன் ஏடு அவ்வகையினது. அதன் பெரும்பகுதி தெஹ்ரானிலுள்ள குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

தொகுப்பேட்டைப் பற்றிக் கலை வரலாற்றாசிரியர்கள் நிறைய எழுதியுள்ளனர். அங்கியைப் பற்றி ஸூஃபி நூல்களில் தனி இயல்களே உள்ளன. இதே கைவேலையின் மூன்றாவது வடிவம், பெண்கள் வீட்டுப் பழந்துணிகளை அடுக்கி இணைத்துத் தைத்த விரிப்பு. அதைப் பற்றி நம் ஏடுகளில் ஒரு பக்கம் காண்பதும் அரிது. அதனை இங்கு எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு.

தேனி மாவட்டத்தில் சின்னமனூருக்கு அருகே, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஓடைப்பட்டியில், ஓர் இளம்பெண் நம்மிடம் ஒரு விரிப்பைக் காட்டி வினா ஒன்றை எழுப்பினார். அவருடைய நன்னிமாவின் தாயார் தைத்தது அது. ஏறத்தாழ நான்கு முழ நீளம், மூன்று முழ அகலம். கட்டம்போட்ட கைலித் துண்டுகள், சுங்குடிச் சேலையின் புள்ளித் துண்டுகள், ஆங்காங்கே பழுப்பேறிய வெள்ளைத் துப்பட்டித் துண்டுகள். பாதி நைந்து உள்ளடுக்குகள் வெளித்தெரிந்தன. "இதைப்போலவே ஒன்று தைக்க வேண்டும். மாதிரித்தாள் ஏதும் இல்லை. எனக்கோ பித்தான் தைப்பதற்கு மேல் தையல் தெரியாது. முடியுமா?" என்பதே வினா. தையற்பயிற்சி நிலையம் ஒன்றில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வழி, கட்டத்தாளில் விரிப்பின் தோற்றத்தை வரைந்து, துண்டுகளை அளவெடுத்து வெட்டி, பொறியில் இணைப்பது. அப்படியும் அவர் செய்து பார்த்திருந்தார். வரைபடம் சரியாக இருந்தது. துணியோ நடுவில் புடைத்து, ஓரத்தில் சுருங்கி, எங்கும் படியாமல் நின்றது.

இவ்வினாவை ஒரு கைவேலைக் குறிப்பாக மட்டும் கருதி விட்டுவிட நம்மால் இயலவில்லை. மாதிரித்தாள் எங்கே போயிற்று என்று தேடுவதற்கு முன், அப்படியொன்று எப்போதேனும் இருந்ததா என்று கேட்க வேண்டும். அதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

ஒட்டுத்துணி வேலை உலகில் இரு வீடுகளில் வளர்ந்தது எனலாம். ஒன்று கடைத்தெரு, மற்றொன்று இல்லம். கடைத்தெருவுக்குச் சிறந்த சான்று கெய்ரோ. ஸுவைலா வாயிலுக்குத் தெற்கே கூரையிட்ட ஒரு தெரு 'கய்யாமிய்யா' என்று வழங்குகிறது. கூடாரம் செய்வோர் தெரு என்பது பொருள். (கவிஞர் உமர் கய்யாமின் பெயரிலுள்ள கய்யாமும் கூடாரத் தொழிலாளர் என்னும் பொருளதே.) அங்கு ஆடவர்கள் அமர்ந்து, திருமணப் பந்தலுக்கும் துக்க வீட்டுப் பந்தலுக்கும் உரிய பெருந்துணிகளில் வண்ணத் துண்டுகளை மடித்து வைத்துத் தைக்கின்றனர். அங்கே மாதிரித்தாள் உண்டு. தடித்த தாளை மடித்து, ஒரு பகுதிக்கு மட்டும் கோலம் வரைந்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, துணிமேல் விரித்துக் கரித்தூள் தடவுவார்கள். துளை வழியே இறங்கிய தூள் துணியில் புள்ளிக்கோலமாய்ப் பதியும். நம் தஞ்சைப் பகுதியில் தேருக்கும் திருவிழாவுக்கும் தொம்பை தைப்போரின் தொழிலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஒரே கோலத்தைப் பல கைகள், பல நாட்கள், கூலிக்குத் தைக்க வேண்டும்; வாங்குபவர் முன்பு பார்த்ததையே மறுபடியும் கேட்பார். அத்தகைய இடத்தில் தாள் இன்றியமையாதது.

இல்லத்தில் அத்தேவை இல்லை. தைப்பவர் ஒருவர், துணி வீட்டிலிருந்தே வருகிறது, எது எப்போது கிழியும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. தந்தையின் கைலி இவ்வாண்டு நைந்தால் அது இவ்வாண்டு விரிப்பில் சேரும். கைக்கு வராத துணிக்கு யார் வரைபடம் போட்டு வைப்பார்?

சிந்து நாட்டின் 'ரல்லி' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கலத்தல், இணைத்தல் என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாகக் கூறுவர். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும், எல்லைக்கு இப்பால் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளிலும், முஸ்லிம் பெண்களும் ஹிந்துப் பெண்களும் அதனைத் தைக்கின்றனர். மகளின் திருமணச் சீரில் ரல்லிகளின் எண்ணிக்கை பேசப்படும்; பக்கீர்கள் தோளில் போட்டுக்கொள்வதும் ரல்லியே. மேல்துணியைத் தனியே இணைத்து முடித்தபின், அடுக்குகளைத் தரையில் விரித்து, பெண்கள் சேர்ந்தமர்ந்து நேர்கோடுகளாய் நூலோட்டுவார்கள். கோலம் வேண்டுமிடத்தில் துணியையே மடித்துக் கத்தரித்து விரிக்கிறார்கள். மடிப்பு எத்தனை என்பது நினைவில் இருக்கிறது. தாயின் கையைப் பார்த்து மகள் கற்கிறாள். மொகஞ்சதாரோவின் பானைக் கோலங்களோடு ரல்லிக் கோலங்களை ஒப்பிட்டு, இக்கலைக்கு ஐயாயிரம் ஆண்டுத் தொன்மை கற்பிப்போரும் உளர். சதுரமும் வட்டமும் உலகெங்கும் உள்ளவை. இடைக்காலத் துணி ஏதும் கிடைக்காத நிலையில், வடிவ ஒற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு அவ்வளவு நீளமான நூலை இழுப்பது நமக்கு ஏற்புடையதன்று.

வங்காளத்து 'நக்ஷி காந்தா' மற்றொன்று. நக்ஷ் என்னும் அரபுச் சொல்லே அங்கு நக்ஷியாயிற்று. நம்மிடம் 'நகாசு' என்று வழங்குவதும் அவ்வேரைச் சேர்ந்ததே. காந்தா என்பதோ வடமொழிக் 'கந்தா'; நம் 'கந்தை'க்கு உடன்பிறப்பு. பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக்கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைப்பது அவ்வூர் வழக்கம். ஜஸீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைப்பாடல், பிரிந்த கணவனை எண்ணித் தம் இல்வாழ்வின் கதையையே ஒரு காந்தாவில் தைக்கும் கிராமத்து முஸ்லிம் பெண்ணைப் பற்றியது. அரபுச் சொல்லொன்றும் வடசொல்லொன்றும் இணைந்த அப்பெயரே ஓர் ஒட்டுத்துணிதான்.

ஆயினும் ஓடைப்பட்டிப் பெண்ணின் வினாவுக்கு மிக அருகில் நிற்பது கர்நாடகத்தின் சித்தி மக்கள் தைக்கும் 'கவந்தி'. சற்று விரிவாக அதனைக் காண்போம்.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தியாவுக்கு வந்த, பெரும்பாலும் கொண்டுவரப்பட்ட, மக்களின் வழித்தோன்றல்கள் சித்திகள். தக்காணத்தில் ஹபஷிகள் என்று பெயர்பெற்றோரின் வரலாறு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. அடிமையாய் விற்கப்பட்டு வந்து, அஹ்மத்நகர் அரசின் ஆட்சித்துணைவராய் உயர்ந்து, முகலாயப் படைகளைப் பல்லாண்டு தடுத்து நிறுத்தி, 1626இல் மறைந்த மாலிக் அம்பர் அவர்களுள் ஒருவர். அஹமதாபாதில் கல்லில் பின்னிய மரக்கிளைச் சாளரத்தால் புகழ்பெற்ற பள்ளிவாசலும் சீதி ஸையிதின் பெயரால்தான் வழங்குகிறது. உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாபுரா, ஹளியாள், முண்டகோடு பகுதிக் காடுகளில் வாழும் சித்திகளுக்கு அத்தகைய அரண்மனை வரலாறு இல்லை. அவர்களுள் பலர், கோவாவில் போர்த்துக்கீசியரிடம் அடிமைப்பட்டிருந்து தப்பி, மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் அடைக்கலம் புகுந்தோரின் வழியினர். முஸ்லிம்கள், ஹிந்துக்கள், கத்தோலிக்கர் என மூன்று சமயத்தாரும் அவர்களுள் உள்ளனர். 2003இல்தான் அவர்களுக்குப் பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைத்தது. எழுதி வைத்த வரலாறு அவர்களிடம் மிகக் குறைவு. பெண்கள் தைத்த விரிப்புகள் உண்டு.

கவந்தி தைப்பது இவ்வாறு: பழஞ்சேலை ஒன்று அடித்துணியாகிறது. அதன் ஒரு மூலையில் முதல் துண்டு வைக்கப்படும். துண்டின் ஓரத்தை உள்மடித்து, மேல்துண்டும் அடித்துணியும் ஒருசேரப் பிடிபடுமாறு ஓட்டுத்தையல் போடுவர். அடுத்த துண்டு, முதல் துண்டின் பிசிருள்ள ஓரத்தை மூடியவாறு அதன்மேல் சற்று ஏறி அமரும். இவ்வாறு விளிம்பைச் சுற்றிவந்து, மூலையில் திரும்பி, மறுபடி சுற்றி, உள்நோக்கிச் சென்று நடுவில் முடியும். கடைசித் துண்டுக்கு மட்டும் நான்கு ஓரங்களும் மடிக்கப்படும். தன்னைச் சூழ்ந்த எல்லாவற்றின் பிசிரையும் அது மூடிவிடுகிறது. தையற்கோடுகளும் விளிம்புக்கு இணையாகவே ஓடுவதால், முடிந்த விரிப்பில் ஒன்றனுள் ஒன்றாகச் சதுரங்கள் அலையலையாய்த் தோன்றும். துண்டுகளை இணைப்பதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையல். முன்வரைவு எதற்கும் இங்கே வேலை இல்லை. அடுத்து எத்துணி கைக்கு வருகிறது என்பதும், முன்வைத்த நிறத்தோடு அது எப்படி நிற்கிறது என்பதுமே கணக்கு. முடிவில் நான்கு மூலைகளிலும் சதுரத் துணிகளை மடித்துச் செய்த 'பூலா' என்னும் பூக்கள் தைக்கப்படும். பூ இல்லாத கவந்தி ஆடையற்றது என்பது அப்பெண்களின் கருத்து.

அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ஜான் ட்ரூவல் இவ்விரிப்புகளை ஆய்ந்து வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார். 2004இல் சித்திப் பெண்களின் விரிப்புத் தையல் கூட்டுறவு அமைந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. 2011இல் நியூயார்க்கின் ஷாம்பர்க் ஆய்வு மையத்தில் இவ்விரிப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மரக்கட்டிலில் கிடந்தவை சுவரில் தொங்கின.

கவந்தியின் செய்முறையில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. துண்டு ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் ஏறி அமர்வதால், எது எதன்மேல் கிடக்கிறது என்று பார்த்தாலே எது முன், எது பின் என்று தெரிந்துவிடும். அகழாய்வாளர் மண்ணடுக்கைப் படிப்பது போலத்தான் இது. கீழது முன்னது, மேலது பின்னது. ஆக, விரிப்பின் மாதிரி எங்கும் போய்விடவில்லை. அது விரிப்பிலேயே பதிந்திருக்கிறது. கட்டத்தாளில் மேல்தோற்றத்தை மட்டும் வரைந்தால் எந்த நிறத்தின் அருகில் எந்த நிறம் என்பது கிடைக்கும், வரிசை கிடைக்காது. ஓடைப்பட்டிப் பெண் தைத்தது புடைத்துக்கொண்டதன் காரணம் இதுவே. விளிம்பை முதலில் கட்டி உள்நோக்கித் தைத்தால் ஏற்படும் மிச்சத்தைக் கடைசித் துண்டின் மடிப்பு விழுங்கிவிடும். தனித்தனியே வெட்டி இணைத்தால் ஒவ்வொரு துண்டிலும் நேரும் நூலிழைப் பிழை கூடிக் கூடி நடுவில் வந்து நிற்கும்.

வரிசை எங்கும் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவொன்றில் அமைந்த கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அடிமைகளாய் இருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தைத்த விரிப்புகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது பெரும் வியப்பை ஏற்படுத்தின. வேலையாடைகளின் முழங்கால் தேய்ந்த துணிகளால் ஆனவை பல. அவர்கள் 'வீட்டுக்கூரை' என்று அழைக்கும் அமைப்பு நடுவில் ஒரு துண்டில் தொடங்கி, சுற்றிச் சுற்றிப் பட்டைகளைச் சேர்த்து வெளிநோக்கி வளர்கிறது. கவந்தியோ விளிம்பில் தொடங்கி உள்நோக்கிச் செல்கிறது. சற்றுத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த சதுரங்களே. ஒன்றை மற்றொன்றின் வரிசையில் தைக்க முயன்றால் இரண்டும் கைகூடா.

ஓடைப்பட்டி விரிப்பைப் புரட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் அரைநாள் அமர்ந்தபோது வேறொரு வரிசை புலப்பட்டது. அது சுற்றிவரவில்லை. ஒரு தலைப்பில் தொடங்கி, அகலவாக்கில் பட்டை பட்டையாக, மறுதலைப்புவரை சென்றிருந்தது. ஒவ்வொரு பட்டையும் முந்தையதன்மேல் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. பாய் முடைவது போன்ற செலவு. சித்திகளோடு இதற்குத் தொடர்பு கற்பிக்க நாம் முற்படவில்லை. கூடலூர் முதல் தேனிவரை எந்த வீட்டிலும், எந்தச் சமயத்தார் வீட்டிலும், பழஞ்சேலையை மடித்துக் குழந்தைக்கு விரிப்புத் தைத்த கைகள் உண்டு. இரண்டிலும் பொதுவானது படிக்கும் முறை ஒன்றே. தைத்தவர் கைலியின் கட்டங்களைக் கோல் போலப் பயன்படுத்தியிருந்ததும் தெரிந்தது. கட்டக்கோடு உள்ள துண்டுகளில் தையல் நேராகச் செல்கிறது. சுங்குடித் துண்டுக்குள் நுழைந்ததும் சற்று அலைகிறது. அடுத்த கைலித் துண்டில் மறுபடி நேராகிறது. கைலித் துண்டுகள் ஏன் ஒழுங்கான இடைவெளியில் வருகின்றன என்பதற்கு அழகுணர்ச்சி ஒரு காரணமாகலாம். கை வழிதவறாமைக்கு வைத்த அடையாளக் கற்கள் அவை என்பது நம் எண்ணம்.

இன்னொரு சிக்கல் இருந்தது. விரிப்பின் வலப்புறத்தில் எவ்வரிசைக்கும் உட்படாத ஐந்தாறு துண்டுகள். நிறம் பொருந்தவில்லை, நூலும் வேறு. அவற்றையும் கோலத்தின் பகுதியாகக் கொண்டு அப்பெண் தம் வரைபடத்தில் அப்படியே வரைந்து வைத்திருந்தார். ஒரு துண்டின் விளிம்பை மெல்லத் தூக்கிப் பார்த்தால் அடியில் கிழிசல். பின்னாளில் வேறொருவர் போட்ட ஒட்டு அது. தைத்தபோதே வைத்த துண்டு எது, கிழிந்தபின் வைத்த துண்டு எது என்று பிரித்தறியாமல் பழைய விரிப்பை மீண்டும் தைக்க முடியாது.

இந்த வேறுபாட்டிற்கு நம் சமய வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்து, காலணியைத் தாமே செப்பனிட்டுக் கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் அமீராய் இருந்த காலத்தில் அவர்களுடைய இரு தோள்களுக்கிடையே மூன்று ஒட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, இருக்கக் கண்டதாக அனஸ் (ரலி) கூறியது இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. ஒட்டு இருந்தது என்று மட்டும் சொல்லி அனஸ் (ரலி) நிறுத்தவில்லை. எத்தனை, எங்கே, எதன்மேல் எது என்றும் சொல்கிறார்கள். ஒட்டின்மேல் ஒட்டு என்றால் ஒரே இடம் மூன்று முறை நைந்தது என்பது பொருள். சுமை சுமந்த தோள் அது என்று கருத இடமுண்டு. இங்கே ஒட்டு கிழிசலைப் பின்தொடர்ந்தது.

காலப்போக்கில் கிழிசல் இல்லாமலே ஒட்டு வந்தது. முரக்கஆ ஸூஃபிகளின் அடையாள உடையானபின், நல்ல துணியை வெட்டி ஒட்டுத் தைத்து அணிவோரும் தோன்றினர். இதனை வெளிப்படையாகப் பேசியவர் கஸ்னாவில் பிறந்து லாகூரில் அடங்கியிருக்கும், 'தாத்தா கஞ்ச் பக்ஷ்' என மக்கள் அழைக்கும் அலீ ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள். 11ஆம் நூற்றாண்டில் அவர்கள் பாரசீகத்தில் எழுதிய 'கஷ்புல் மஹ்ஜூப்' ஒட்டாடைக்கென ஓர் இயலையே ஒதுக்குகிறது. தையலின் ஒழுங்கு பற்றி ஷைகுகளிடையே இருந்த கருத்து வேறுபாட்டை அவர்கள் அதில் பதிவு செய்கிறார்கள். ஊசிமுனை எங்கே தலைகாட்டுகிறதோ அங்கே இழுத்தால் போதும், ஒழுங்குக்காக மெனக்கெடத் தேவையில்லை என்பது ஒரு சாராரின் கொள்கை. தையல் நேராகவும் சீராகவும் இருக்க வேண்டும், செயலின் செம்மை உள்ளத்தின் செம்மையைக் காட்டும் என்பது மறுசாராரின் கொள்கை. தூஸ் நகரில் ஷைகு அபுல் காஸிம் குர்கானி (ரஹ்) அவர்களிடம், ஏழ்மை நெறியில் நிற்பவருக்கு வேண்டிய குறைந்த அளவுத் தகுதி யாதென ஹுஜ்வீரி (ரஹ்) வினவியபோது கிடைத்த விடையில் மூன்று தகுதிகள் இருந்தன. ஒட்டைச் சரியாகத் தைக்கத் தெரிவது அவற்றுள் முதலாவது. சரியாக என்றால் என்ன என்று அங்கிருந்த தர்வேஷ்கள் பலவாறு பொருள் கூற, ஹுஜ்வீரி (ரஹ்) தந்த விளக்கம் வேறு: தேவைக்காகத் தைத்த ஒட்டு கோணலாயினும் சரியானது, அலங்காரத்திற்காகத் தைத்தது நேராயினும் பிழையானது.

பக்கீர்களைப் பற்றிய இந்நூலைத் தையல் நூலாகவும் படிக்கலாம் என்பது பலருக்கு விந்தையாய்த் தோன்றலாம். ஆனால் அதில் வரும் இரு கொள்கைகளும் ஓடைப்பட்டி விரிப்பிலேயே காணக் கிடந்தன. முதலில் தைத்தவர் கட்டத்தைப் பற்றிக்கொண்டு நேராகச் சென்றவர். பின்னர் ஒட்டுப்போட்டவர் ஊசி எங்கே வந்ததோ அங்கே இழுத்தவர்.

கிழிசலின் ஒட்டு கோலமாக மாறும் கதைக்கு மிகத் தெளிவான சான்று சூடான். 1881இல் தம்மை மஹ்தி என அறிவித்துக்கொண்ட முஹம்மது அஹ்மதின் படையினர் ஏழ்மையின் அடையாளமாக ஒட்டுப்போட்ட ஜிப்பா அணிந்தனர். 1885இல் அவர் மறைந்து கலீஃபா அப்துல்லாஹியின் ஆட்சி வந்தபின், அந்த ஒட்டுகள் இடவலம் சமமாக, அளந்து வெட்டி, நிறம் தேர்ந்து வைக்கப்பட்டன. படைச் சீருடையாகவே அது மாறியது. 1898இல் உம்துர்மான் போருக்குப்பின் கொள்ளைப் பொருளாய்க் கொண்டுசெல்லப்பட்ட ஜிப்பாக்கள் பிரிட்டனின் அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. நல்ல ஒட்டுத்துணியை நன்கு பார்க்கப் பழகியவர் அவற்றின் அடியில் கிழிசல் இல்லை என்பதைக் கண்டுகொள்வார். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் ஷைகு இப்ராஹிமா ஃபாலைப் பின்பற்றும் பாய் ஃபால் பிரிவினர் அணியும் பலவண்ண ஒட்டாடையும் இவ்வகையினதே. குறைகூறும் நோக்கம் நமக்கில்லை. துணியைப் படிக்கும்போது இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பதே இங்கு வேண்டுவது.

ஓடைப்பட்டிப் பெண் என்ன செய்தார் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். முழு விரிப்பில் மீண்டும் கைவைக்காமல், குழந்தைத் தொட்டிலுக்குப் போதுமான இரண்டு சாண் சதுரத்தில் தொடங்கினார். துவைத்து நைந்த பழந்துணிகளையே எடுத்தார். புதுத்துணி துவைத்தபின் சுருங்கும், பழந்துணி சுருங்கி முடிந்தது. வரைபடம் போடவில்லை. வரிசையை மட்டும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்: தலைப்பில் முதல் பட்டை, மூன்று துண்டுக்கு ஒரு கைலி, விரற்கடை ஏற்றம், தையலுக்குத் தையல் அரை விரல் இடைவெளி. ஊசியை ஒரே மூச்சில் நாலைந்து தையல் கோத்து இழுக்க அவருக்குப் பத்து நாள் ஆயிற்று. மூன்றாம் பட்டையில் நூலை இறுக்கிப் பிடித்ததால் துணி குவிந்தது. பிரித்துத் தளர்த்தித் தைத்தார். அந்தச் சதுரம் படிந்தது. வலப்புறத்துக் கிழிசல் ஒட்டுகளைப் புதிய விரிப்பில் சேர்ப்பதா விடுப்பதா என்பதில் வீட்டில் இரு கருத்து நிலவியது. நன்னிமா விடக்கூடாது என்றார். அந்த ஒட்டுகளைப் போட்டவர் அவர்தாமாம். கிழிசல் இல்லாத இடத்தில் அவ்வொட்டை வைத்தால் ஹுஜ்வீரி (ரஹ்) அவர்களின் அளவுகோலில் அது அலங்காரமாகிவிடும். இருந்தும் நாம் மூதாட்டியின் பக்கமே நின்றோம்.

நம் பகுதியில் இத்தகைய விரிப்புகள் எவ்வளவு எஞ்சியுள்ளன? வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருவோர் கொண்டுவரும் கனத்த போர்வைகள் வந்தபின், பழைய விரிப்புகள் முதலில் மாடத்துக்கும், பின்னர் காரின் அடியில் விரிக்கவும், கடைசியில் அடுப்பங்கரைப் பிடிதுணியாகவும் போயின. வறுமையை நினைவூட்டும் பொருள் என்று வெட்கப்பட்டு எரித்தோரும் உண்டு. பள்ளிவாசல் கல்வெட்டையும் நில ஆவணத்தையும் தேடிச் சேர்க்கிறோம். அவற்றில் ஆடவர் பெயர்களே பெரும்பாலும் உள்ளன. கையெழுத்திட வாய்ப்பற்றிருந்த பாட்டிமார்கள், நாளொன்றுக்கு ஒரு சாணாக, தம் கையால் இட்டுச்சென்ற பதிவு இந்தத் துணிகளில்தான் இருக்கிறது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி 1956 முதல் நடந்துவருகிறது. அதன் வரலாற்று மாணவர்கள் சுற்றூர் வீடுகளில் ஒரு விடுமுறைக்காலம் செலவிட்டால் எத்தனையோ கிடைக்கும் என்பது நம் துணிபு.

அப்படித் தேடப் புறப்படுவோருக்குச் சில சொற்கள். கிடைத்த விரிப்பைத் துவைத்துத் தர வேண்டாம் என்று வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். நைந்த நூல் வெந்நீரில் அவிழ்ந்தால் வரிசையும் அவிழ்ந்துவிடும். முன்பக்கத்தை எல்லோரும் படமெடுப்பார்கள். பின்பக்கத்தில்தான் முடிச்சுகள் இருக்கும், நூல் தொடங்கிய இடமும் தீர்ந்த இடமும் அங்கேதான் தெரியும். ஆகவே பின்பக்கத்தை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுக்க வேண்டும். கிழிசலின் மேலிட்ட ஒட்டுகளைத் தனியே எண்ண வேண்டும். பிறகு அவ்வீட்டில் எண்பதைக் கடந்தவர் எவரேனும் இருப்பின், விரிப்பை அவர் மடியில் பரப்பி, ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக் காட்டி, இது யாருடைய சேலை, இது யாருடைய கைலி, இந்தத் துப்பட்டி எந்த ஆண்டு எடுத்தது என்று கேட்டு, அவர் சொல்லும் பெயர்களைச் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.